‘செய்து பார்’: சிறுவர் அறிவியற் செயல்முறை நூல்களில் ஒரு வினைச்சொல்லின் நிலை

தமிழில் ‘பார்’ என்பது முதல்வினையாகவும் துணைவினையாகவும் வழங்கும் சொல். முதல்வினையாக நிற்கையில் கண்ணின் தொழிலைக் குறிக்கும். மற்றொரு வினையெச்சத்தின்பின் துணையாக வருகையில் முயற்சியைக் குறிக்கும். தொட்டுப் பார், கேட்டுப் பார், முகர்ந்து பார், தின்று பார் என்பனவற்றில் கண்ணுக்கு வேலையில்லை. ஆயினும் ‘பார்’ வருகிறது. முடிவு இன்னதென்று தெரியாத நிலையில் ஒன்றைச் செய்து, விளைவதை அறிந்துகொள் என்பதே அங்கு அதன் பொருள். சிறுவர்க்கான அறிவியற் செயல்முறை நூல்கள் தமிழில் பெரும்பாலும் ‘செய்து பார்’, ‘செய்து பார்ப்போம்’ என்பன போன்ற தொடர்களைத் தலைப்பாகவோ உட்தலைப்பாகவோ சூடிக்கொள்வது இதனால் பொருத்தமுடையதே. தலைப்பில் நிற்கும் அந்தப் ‘பார்’ நூலின் உள்ளே என்ன ஆகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வகை நூல்களின் அமைப்பைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். தேவையான பொருள்கள், செய்முறை, விளைவு, காரணம் என நான்கு பகுதிகள் ஒரே பக்கத்தில் அமையும். பக்கத்தின் ஓரத்தில் சிரித்த முகத்துடன் ஒரு சிறுவனின் படம் இருக்கும். எந்த நூலையும் தனியே சுட்டிக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆகவே மாதிரிக்கு நானே இரண்டு வரி எழுதிக் காட்டுகிறேன். ‘தட்டில் நீரை ஊற்றவும். மெழுகுவர்த்தியை ஏற்றி அதன்மீது கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கவும். சிறிது நேரத்தில் சுடர் அணைந்து குவளைக்குள் நீர் உயர்வதைக் காண்பீர்கள்.’ இதைப் படிக்கும் எவருக்கும் எங்கோ படித்த நினைவு வரும். அவ்வளவு பொதுவானது இந்நடை.

இந்த மூன்று தொடர்களில் இரண்டு வினை வடிவங்கள் உள்ளன. ஒன்று ‘ஊற்றவும்’, ‘கவிழ்க்கவும்’ என்னும் வியங்கோள் சாயல். அலுவலக அறிவிப்பிலும் மருந்துப் புட்டியிலும் காணப்படும் வடிவம் இது. எட்டு வயதுப் பிள்ளையை நோக்கி வீட்டிலோ தெருவிலோ யாரும் இப்படிப் பேசுவதில்லை. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மற்றொன்று ‘காண்பீர்கள்’ என்னும் எதிர்கால முன்னிலைப் பன்மை முற்று. இதுதான் தொல்லை தருவது. பிள்ளை இன்னும் தீக்குச்சியைக்கூட உரசவில்லை. அதற்குள் அது காணப்போவது இன்னதென்று நூல் முடிவு செய்துவிட்டது. தலைப்பில் ‘செய்து பார்’ என்று தந்த உரிமையை மூன்றாவது வரியில் ‘காண்பீர்கள்’ பறித்துக்கொள்கிறது. அதன்பின் பிள்ளை செய்வது சோதனையன்று, நூலுக்குச் சாட்சி சொல்லுதல்.

இது வெறும் நடைக்குற்றமென்று தள்ளிவிடலாகாது என்பதற்கு நான் கண்ட ஒரு வகுப்பே சான்று. சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சி ஆசிரியர் ஒருவரின் கற்பித்தலைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நான்காம் ஆண்டு மாணவர்கள். இதே மெழுகுவர்த்திச் செயல்முறை. சுடர் அணைந்தது, நீர் ஏறியது, எல்லாரும் கைதட்டினார்கள். முன் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி கையுயர்த்தி, “டீச்சர், தீ எரியுறப்போ தண்ணி ஏறவே இல்ல. அணைஞ்ச பிறகுதான் டக்குன்னு ஏறுச்சு” என்றாள். ஆசிரியர் புன்னகைத்து, புத்தகத்தில் உள்ளதை எழுதும்படி சொன்னார். அவள் எழுதினாள்: ‘மெழுகுவர்த்தி உயிர்வளியைப் பயன்படுத்திவிட்டதால் அந்த இடத்தை நிரப்ப நீர் உயர்ந்தது.’ அந்த ஆசிரியர் கடுமையானவர் அல்லர். வகுப்பும் கலகலப்பாகவே நடந்தது. நானும் அன்று என் குறிப்பேட்டில் நல்ல வகுப்பு என்றுதான் எழுதினேன். வீடு திரும்பும் வழியில்தான் உறுத்தியது.

ஏனெனில் சிறுமி சொன்னதே சரி; நூல் சொன்னதே பிழை. உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், எரிதலில் செலவாகிறது என்பது மெய். ஆனால் அது வெறுமனே மறைந்துபோவதில்லை. மெழுகு எரிகையில் கரிவளியும் நீராவியும் உண்டாகின்றன. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு. மூடிய குவளைக்குள் சுடர் அணையும்போது அதில் பெரும்பகுதி எஞ்சியே இருக்கிறது. சுடர் எரிகையில் குவளைக் காற்று சூடேறி விரிகிறது. ஒரு பகுதி விளிம்பின்கீழ்க் குமிழிகளாக வெளியேறுகிறது. கூர்ந்து நோக்கினால் அக்குமிழிகளைக் காணலாம். சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவி நீர்த்துளியாகிறது, உள்ளழுத்தம் குறைகிறது, வெளியழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. நீரின் ஏற்றத்தில் பெரும்பங்கு இதற்கே உரியது. நூல் சொல்லும் காரணம் உண்மையாயின் சுடர் எரியும்போதே நீர் சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டும். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதிலாக மூன்றை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறுவதையும் அக்காரணத்தால் விளக்க இயலாது. குவளைக்குள் இருக்கும் ஆக்சிஜன் ஒரே அளவுதானே?

இச்சோதனை மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் பைசாந்தியத்தைச் சேர்ந்த ஃபைலோ இதை விவரித்துள்ளார். 1999இல் பர்க், லாசன் என்னும் இருவர் அமெரிக்க வேதியியல் கல்வி இதழொன்றில் இத்தவறான விளக்கம் எவ்வளவு பிடிவாதமாக நிலைத்திருக்கிறது என்பதைப் பற்றியே கட்டுரை எழுதினார்கள். எனவே இது தமிழ் நூல்களுக்கு மட்டும் உரிய குற்றமன்று. ஆயினும் நமக்கு இதில் தனிப் பாடம் ஒன்று உண்டு. பிழையான விளக்கம் பல தலைமுறைகளாக நூலுக்கு நூல் படியெடுக்கப்பட்டு வந்திருக்கிறது என்றால், இடையில் செய்தவர் பலர், பார்த்தவர் சிலர். பார்த்த சிலரிடமும் புத்தகத்தில் உள்ளதை எழுதும்படி சொல்லப்பட்டிருக்கிறது.

மெழுகுவர்த்தி எந்நாட்டிலும் ஒன்றுபோல் எரியும். சூரியன் அப்படியன்று. செயல்முறை நூல்கள் தவறாமல் தரும் மற்றொன்று நிழற்கோல். தரையில் ஒரு கோலை நட்டு, மணிக்கு மணி நிழலின் நுனியைக் குறித்து வைத்தல். பொருட்செலவற்றது, ஆபத்தற்றது, பள்ளித் திடலே போதும். இதைவிடச் சிறந்த செயல்முறை இருக்க முடியாது என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் நூல்கள் இதனோடு சேர்த்துச் சொல்லும் இரண்டு செய்திகள், நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குறுகும் என்பதும் அப்போது அது வடக்கு நோக்கி விழும் என்பதும், ஐரோப்பிய வானத்திலிருந்து வந்தவை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இரண்டும் பொய்க்கின்றன.

முதலில் மணியை எடுத்துக்கொள்வோம். 1982 சனவரி முதல் நாள் தொடங்கித் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கிரீன்விச் நேரத்திற்கு எட்டு மணி முந்திய நேரத்தைப் பின்பற்றுகின்றன. கோலாலம்பூரின் நெடுங்கோட்டுக்குச் சூரியன் உச்சியைக் கடப்பது சராசரியாகப் பிற்பகல் 1.13 மணி அளவில். சிங்கப்பூரில் ஏறத்தாழ 1.05. பருவத்துக்கேற்ப இது கால் மணி நேரம் முன்பின்னாகும். ஆகவே நம் பிள்ளை 12 மணிக்குக் குறித்த நிழல் அதன்பிறகும் குறுகிக்கொண்டே போகும். அடுத்தது திசை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3.1 பாகையில் உள்ளது. மார்ச் இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. சூன் 21ஆம் நாளையொட்டி ஒரு மீட்டர் கோலின் உச்சிவேளை நிழல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 37 செ.மீ. இருக்கும், டிசம்பர் 21ஐ ஒட்டி வடக்கு நோக்கி 50 செ.மீ. இருக்கும். இடையில் மார்ச் இறுதியில் ஒரு நாளும் செப்டம்பர் நடுவில் ஒரு நாளும் கோலுக்கு நிழலே இராது. தமிழகத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதிக்குப் பின்னும் நிழலில்லா நாள் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அங்கும் நிழல் தெற்கேதான் விழுகிறது. ஆக, ‘வடக்கு நோக்கி விழும்’ என்று எழுதிய தமிழ் நூலாசிரியர் தம் வீட்டு முற்றத்திலும் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொன்னதை நம் இலக்கிய மேடைகளில் பெருமையாகக் கேட்கிறோம். பள்ளி வேலியோரத்தில் முளைத்திருக்கும் மூன்று செடிகளின் பெயரைக் கேட்டால் அதே மேடையில் அமைதி நிலவும். இயற்கைச் செயல்முறை என்ற பெயரில் நம் நூல்கள் தருவனவும் பெரும்பாலும் பஞ்சில் முளைக்கும் பச்சைப்பயறு, இலையுதிர்காலத்து வண்ண இலைகளை ஒட்டும் ஏடு, குளிர்காலப் பறவைக்கு இரை வைக்கும் தட்டு ஆகியவைதாம். பச்சைப்பயற்றின்மேல் எனக்கு வழக்கில்லை. மற்ற இரண்டும் இங்கு எதற்கு?

இலையுதிர்தலைக் காட்ட வேண்டுமாயின் இந்நாட்டில் ரப்பர் மரம் இருக்கிறது. ஆண்டின் முதல் மாதங்களில் அது இலையுதிர்த்து மீண்டும் தளிர்ப்பதைத் தோட்டப்புறத் தமிழர் மூன்று நான்கு தலைமுறையாகக் கண்டு வந்திருக்கின்றனர்; இலையுதிர்ந்தால் பால் குறையும், பால் குறைந்தால் வருமானம் குறையும் என்பதால் அது அவர்களுக்கு வெறும் காட்சியாக இருந்ததுமில்லை. முற்றிய ரப்பர்க்காய் வெயிலில் உலர்ந்து படீரென்று வெடித்து விதையைத் தொலைவில் எறியும். அவ்விதைகளைப் பொறுக்கி, இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் அழுத்தி, எவருடைய விதை உடைகிறது என்று பந்தயம் கட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. சிமெண்டுத் தரையில் விதையைத் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பையன் கையில் வைத்து அலற வைத்ததும் உண்டு. (அலறியவர்களுள் நானும் ஒருவன்.) உராய்வால் வெப்பம் உண்டாகும் என்பதை இதைவிட அழுத்தமாகக் கற்பித்த ஆசிரியர் எனக்கு வாய்க்கவில்லை. எத்தனை முறை தேய்த்தால் எவ்வளவு சூடு, மரப்பலகையில் தேய்த்தால் சிமெண்டுத் தரையளவு சுடுமா, ஈர விதை சுடுமா என்றெல்லாம் அன்றே கேட்டிருக்கலாம். அவ்விளையாட்டை நினைவுக் கட்டுரைகளில் எழுதுகிறோம். செயல்முறை நூலில் எழுதுவதில்லை.

தொட்டாற்சிணுங்கி மற்றொன்று. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த களையாயினும் இன்று இங்குள்ள திடல்தோறும் படர்ந்துள்ளது. தொட்டால் மூடும் என்பதை எல்லாப் பிள்ளைகளும் அறிவர். இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் உயிரணுக்கள் நீரை இழந்து தளர்வதே காரணம் என்பதை நூல்களும் எழுதுகின்றன. ஆனால் மூடிய இலை திறக்க எத்தனை நிமிடம் ஆகும்? மழைத்துளி பட்டால் மூடுமா? ஒரே இலையைத் திரும்பத் திரும்பத் தொட்டால்? இக்கடைசி வினாவை ஒத்த ஒன்றை மோனிகா காக்லியானோவும் உடன் ஆய்வாளர்களும் ஆய்ந்து 2014இல் வெளியிட்டனர். செடித்தொட்டியைச் சிறு உயரத்திலிருந்து மெல்ல விழச் செய்து, பலமுறை விழுந்தபின் செடி இலைகளை மூடாது விட்டுவிடுவதைக் கண்டனர். அதைச் செடியின் ‘கற்றல்’ எனலாமா என்பதில் அறிவியலாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பத்து வயதுப் பிள்ளை கடிகாரமும் ஒரு செடியும் வைத்துக்கொண்டு நுழையக்கூடிய தொலைவில் முடிவுறாத ஒரு விவாதம் இருக்கிறது என்பதே இங்கு எனக்கு முக்கியம்.

விடையை முன்கூட்டிச் சொல்லாத நூல் நடைமுறைக்கு ஒவ்வுமா என்ற ஐயம் ஆசிரியர்களுக்கு எழுவது இயல்பே. ஒவ்வும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் சான்று. 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டம் பின்னர் ஏகலவ்யா என்னும் அமைப்பின் பொறுப்பில் வளர்ந்து ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டியது. ‘பால் வைக்ஞானிக்’ என்னும் அதன் இந்திப் பாடநூல்களில் செய்ய வேண்டியவையும் வினாக்களும் இருந்தன, விடைகள் இல்லை. தேர்வு எழுதும்போது பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். விடையில்லாப் புத்தகத்தைத் திறந்து வைத்தால் என்ன, மூடினால் என்ன! தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் இணைத்து வடிவங்கள் செய்யும் அரவிந்த் குப்தாவின் புகழ்பெற்ற செயல்முறைகள் அவர் 1978இல் பொறியாளர் பணியிலிருந்து ஓராண்டு விடுப்பெடுத்து இத்திட்டத்தில் பணியாற்றியபோது முளைத்தவையே. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது.

அத்திட்டத்தைப் போற்றுவோர் பலர் அதன் பொம்மைகளை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர் என்பது என் மனக்குறை. விடையற்ற நூலைத் தாங்கி நின்றது ஆசிரியர்களுக்கான தொடர்ப் பயிற்சியும், மாதந்தோறும் அவர்கள் கூடித் தத்தம் வகுப்பில் எழுந்த இடர்களைப் பேசிய கூட்டங்களும். அவையில்லாமல் விடையை மட்டும் நீக்கினால் ஆசிரியரைக் காட்டில் விட்டதாகும். நம் அறிவியல் விழாக்களில் சோடாமாவும் காடியும் கலந்து நுரை பொங்கும் ‘எரிமலை’ ஆண்டுதோறும் பொங்குவதும் இதனால்தான். அது தவறுவதில்லை, கைதட்டல் உறுதி, கேள்வி எழாது.

மலேசியச் சூழலில் இச்சிக்கலுக்கு மொழி சார்ந்த ஒரு முகமும் உண்டு. 2003 முதல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவெடுக்கப்பட்டு 2012 தொடங்கிப் படிப்படியாக மாற்றம் வந்தது. அக்காலத்தில் முதலாம் ஆண்டில் நுழைந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்கள். அவர்களிடம் அறிவியற் கலைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘உற்றறிதல்’, ‘ஊகித்தல்’, ‘கருதுகோள்’ என எல்லாம் பாடநூலில் உள்ளன. அவர்களுக்கு வாய்க்காதது அச்சொற்களுக்கு முந்திய தமிழ். ஒரு பொருளை முன்னே வைத்துக்கொண்டு ‘இது ஏன் இப்பிடிச் சாயுது?’, ‘முன்ன இவ்வளவு இல்லையே?’ என்று தயங்கித் தயங்கிப் பேசும் தமிழ். அத்தமிழில் தாம் ஒருநாளும் அறிவியல் பேசியதில்லையாதலால் அவர்கள் நூலின் வாக்கியத்தைக் கைத்தடியாகப் பற்றிக்கொள்கின்றனர். அந்தப் பயிற்சி ஆசிரியரை நான் குறைகூற இயலாதிருப்பது இதனால்தான். ‘டக்குன்னு ஏறுச்சு’ என்பதை ‘உற்றறிதல்’ என்னும் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் எவரும் சொல்லித் தந்ததில்லை.

சிங்கப்பூரில் அறிவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. ஆகவே இத்தகைய செயல்முறைகள் தமிழ் வகுப்பில் மொழிப் பயிற்சியாகவே நுழைய முடியும். அங்கு 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வு நல்ல பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடமளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் அச்சமும் இவ்விதழின் வாசகர் அறிந்தவையே. எழுத்துத் தமிழின் தரம் குறையும் என்பார் கவலையை நான் எள்ளவில்லை. நிழல் குறுகுவதைக் கண்ட கணத்தில் பிள்ளையின் வாயில் வரும் சொல்லை முதலில் அப்படியே எழுதி வைத்து, மறுநாள் அதனை எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னால் மொழியாசிரியருக்கும் அறிவியலாசிரியருக்கும் வேலை நடக்கும். ‘டக்குன்னு’ என்பதற்கு ‘திடீரென’ போதுமா, ‘சட்டென’ பொருந்துமா, இரண்டுக்கும் கால அளவில் வேறுபாடு உண்டா என்று வகுப்பு வாதிட்டால் அது இலக்கணமா, அறிவியலா?

கடந்த ஆண்டு ஆசிரியர்கள் சிலரோடு அமர்ந்து நிழற்கோல் செயல்முறையை மாற்றி எழுதினோம். பொருட்பட்டியலை நீக்கவில்லை, ஒரு மீட்டர் கோல், சுண்ணக்கட்டி, கடிகாரம், திசைகாட்டி. ‘காண்பீர்கள்’ அனைத்தையும் அடித்தோம். ‘கோலை நட்டுப் பார். பத்து மணி முதல் இரண்டு மணி வரை, கால் மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்துப் பார். எந்தப் புள்ளி கோலுக்கு மிக அருகில் உள்ளது? அது எந்தத் திசையில் விழுந்தது? அடுத்த மாதமும் அங்கேயே விழுமா? முதலில் சொல்லிவிட்டுப் பிறகு செய்து பார்.’ அவ்வளவே. காரணம் என்ற பகுதியை ஆசிரியர் கையேட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

சூன் மாதத்தில் ஒரு பள்ளியில் இதைச் செய்தார்கள். மேகம் மறைத்ததால் நான்கு புள்ளிகள் இல்லை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் ஏட்டில் 12.00 மணிக்கு நேரே எழுதியிருந்தது: ‘இன்னும் குறையுது. புத்தகம் தப்பா, கடிகாரம் தப்பா?’ ஆசிரியர் அதனருகே சிவப்பு மையால் திருத்தம் எதுவும் செய்யவில்லை. ‘1.15 வரை இருந்து பார்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.